சுவா சுற்று: ஒழுங்கின்மையை மேசைமேல் கட்டிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நேரியலற்ற இயக்கவியல் பாடம் நம் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலும் கரும்பலகையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வானிலைக்காக லாரன்ஸ் எழுதிய சமன்பாடுகள் மூன்று, வண்ணத்துப்பூச்சி போல ஒரு படம், ‘தொடக்க நிலையைப் பொறுத்த அதீத நுண்ணுணர்வு’ என்று ஒரு வரி. அந்த வரியை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அது உண்மையில் எப்படி இருக்கும் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இந்த வழிகாட்டி எதிர்த்திசையில் போகிறது. சில்லறைப் பாகங்களைக் கொண்டு ஒரு சுற்றைக் கட்டுவோம். ஒரு குமிழைத் திருப்பத் திருப்ப ஒழுங்கான அலைவு குலைந்து ஒழுங்கின்மைக்குள் (chaos) போவதைத் திரையில் பார்ப்போம், ஒலிபெருக்கியில் கேட்போம். கணக்கு தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

கட்டப்போவது லியான் சுவாவின் சுற்று. பிலிப்பைன்ஸில் 1936-இல் பிறந்தவர்; மணிலாவில் மின்பொறியியல் படித்து, எம்.ஐ.டி.யில் முதுகலை முடித்து, இலினாய் பல்கலைக்கழகத்தில் 1964-இல் முனைவர் பட்டம் பெற்றார். பர்டியூவில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்தார். நேரியலற்ற மின்சுற்றுகளுக்கு முறையான கோட்பாடு வகுத்ததே அவருடைய வாழ்நாள் வேலை. மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி ஆகிய மூன்றோடு நான்காவதாக ஓர் அடிப்படைப் பாகம் இருந்தாக வேண்டும் என்று 1971-இல் காகிதத்தில் காட்டி, அதற்கு மெமரிஸ்டர் என்று பெயரிட்டவரும் அவர்தான். எச்.பி. ஆய்வகத்தினர் அப்படி ஒன்றைச் செய்துவிட்டதாக அறிவித்தது 2008-இல்!

படி 1: சுவா எப்படி யோசித்தார் என்பதைப் பின்தொடருங்கள்

1983 இலையுதிர் காலத்தில் சுவா டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்துக்கு, தகாஷி மாட்சுமோட்டோவின் ஆய்வகத்துக்குப் போயிருந்தார். அங்கே லாரன்ஸ் சமன்பாடுகளை அப்படியே மின்னணுச் சுற்றாகக் கட்டி இயக்கிக் காட்டும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமன்பாடுகளில் இரண்டு மாறிகளைப் பெருக்கும் உறுப்புகள் உண்டு. அதற்குப் பெருக்கிச் சில்லுகள் வேண்டும். செயல்விளக்கம் சரியாக நடக்கவில்லை. அதைப் பார்த்த சுவா வேறு வழியில் யோசித்தார்: வானிலைக்காக எழுதிய சமன்பாட்டை ஏன் மின்சுற்றுக்குள் திணிக்க வேண்டும்? மின்சுற்றுக்கே இயல்பான ஒழுங்கின்மையை வடிவமைத்துவிட்டால் என்ன?

அவர் எதையும் தற்செயலாகக் கண்டுபிடிக்கவில்லை. தேவைகளை எழுதிவைத்து, அவற்றிலிருந்து சுற்றை வருவித்தார். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வாதம் இப்படிப் போகிறது. வெளியிலிருந்து அலை எதுவும் ஊட்டாத, இரண்டே நிலை மாறிகள் கொண்ட தொடர் அமைப்பில் ஒழுங்கின்மை சாத்தியமே இல்லை. தளத்தில் ஓடும் பாதை தன்னையே வெட்டிக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு புள்ளியில் அடங்கும், அல்லது ஒரு வளையத்தில் சுற்றும். ஆகையால் ஆற்றலைச் சேமிக்கும் பாகங்கள் குறைந்தது மூன்று வேண்டும். இழப்பை ஈடுகட்ட, ஆற்றலை உள்ளே தள்ளும் மின்தடை ஒன்று வேண்டும். அதாவது மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் இறங்கும் எதிர்மறைச் சரிவு கொண்டது. அது நேர்கோடாக இருந்தால் அலைவு எல்லையின்றி வளரும், எனவே வளைய வேண்டும். லாரன்ஸ் அமைப்பில் நிலைப்பில்லாச் சமநிலைப் புள்ளிகள் மூன்று, ஒழுங்கின்மை காட்டும் இன்னோர் அமைப்பான ரோஸ்லர் அமைப்பில் இரண்டு இருப்பதைக் கவனித்த சுவா, தன் சுற்றுக்கு மூன்று வேண்டும் என்று முடிவெடுத்தார். அதற்குப் போதுமான மிக எளிய வளைவு, மூன்று நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனது: நடுத்துண்டு செங்குத்தாகச் சரியும், வெளித்துண்டுகள் இரண்டும் சற்றுக் குறைவாகச் சரியும்.

மாட்சுமோட்டோ அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார், ஒழுங்கின்மை வந்தது. அவருடைய கட்டுரை 1984-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குள் சுற்றை மேசைமேல் கட்டி அளந்துவிட்டார்கள்; கணித நிரூபணமும் 1986-இல் வந்துவிட்டது. கணினி, ஆய்வகம், கணிதம் மூன்றும் ஒரே அமைப்பைப் பற்றி ஒரே பதிலைச் சொன்னது அன்றைக்குப் பெரிய விஷயம். லாரன்ஸ் 1963-இல் எழுதிய சமன்பாடுகளுக்கு அத்தகைய நிரூபணம் கிடைக்க நூற்றாண்டே முடிய வேண்டியிருந்தது.

படி 2: பாகங்களைச் சேருங்கள்

மைக்கேல் பீட்டர் கென்னடி 1992-இல் முன்வைத்த ஆப்-ஆம்ப் (செயல்பாட்டுப் பெருக்கி) வடிவம்தான் இன்றும் எளிது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடையில் ஏறத்தாழ எல்லாம் கிடைத்துவிடும்.

டிஎல்082 சில்லு ஒன்று. இதனுள் இரண்டு ஆப்-ஆம்ப்கள் இருக்கின்றன. ரெசிஸ்டர்கள்: 220 ஓம் இரண்டு, 2.2 கிலோ ஓம் ஒன்று, 22 கிலோ ஓம் இரண்டு, 3.3 கிலோ ஓம் ஒன்று. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கெபாசிட்டர்கள்: 10 நானோ ஃபாரட், 100 நானோ ஃபாரட். இவை பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். மலிவான செராமிக் வில்லைகளின் மதிப்பு மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறும், நாம் வைக்காத நேரியலின்மை ஒன்று சுற்றுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். 9 வோல்ட் பேட்டரி இரண்டு. மாற்றக்கூடிய மின்தடைக்கு 1.2 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டரோடு தொடராக 1 கிலோ ஓம் பத்துச் சுற்று பொட்டென்ஷியோமீட்டர். சாதாரண ஒற்றைச் சுற்றுக் குமிழில் சுவையான பகுதி முழுவதும் விரல் அசைவில் ஓடிப்போய்விடும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தொல்லை தருவது 18 மில்லி ஹென்றி இண்டக்டர். கடையில் அந்த மதிப்பு அரிது. கிடைத்தாலும் கம்பியின் உள்மின்தடை பல பத்து ஓம்கள் வரை இருக்கக்கூடும். இன்னொரு டிஎல்082 வாங்கி, பாடநூல்களில் உள்ள ஆன்டோனியூ சுற்றால் இண்டக்டரைப் போலியாகச் செய்துகொள்வதே என் பரிந்துரை. உள்ளீட்டிலிருந்து தரை வரை வரிசையாக 1 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட், 1.8 கிலோ ஓம் என்று வைத்தால் சரியாக 18 மில்லி ஹென்றி வரும். இது ஒரு முனை தரையில் இருக்கும் இண்டக்டருக்கு மட்டுமே பொருந்தும்; சுவா சுற்றில் அப்படித்தான் இருக்கிறது.

படி 3: எதிர்மறை மின்தடையைத் தனியாகக் கட்டுங்கள்

முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் பிரெட்போர்டில் ஏற்றிவிட்டு, ஓடவில்லை என்று தலையில் கைவைப்பவர்கள்தான் அதிகம். நேரியலற்ற பாகத்தை முதலில் தனியாகக் கட்டிச் சோதியுங்கள். இதற்குச் சுவா டயோடு என்று பெயர்.

சில்லின் 8-ஆம் காலுக்கு நேர் 9 வோல்ட், 4-ஆம் காலுக்கு எதிர் 9 வோல்ட். இரு பேட்டரிகளும் சேரும் இடம் தரை. முதல் ஆப்-ஆம்ப்: வெளியீடான 1-ஆம் காலிலிருந்து 3-ஆம் காலுக்கு 220 ஓம், 1-இலிருந்து 2-க்கு 220 ஓம், 2-இலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம். இரண்டாவது ஆப்-ஆம்ப்: 7-இலிருந்து 5-க்கு 22 கிலோ ஓம், 7-இலிருந்து 6-க்கு 22 கிலோ ஓம், 6-இலிருந்து தரைக்கு 3.3 கிலோ ஓம். 3-ஆம் காலையும் 5-ஆம் காலையும் இணைத்துவிடுங்கள். அந்த இணைப்புதான் டயோடின் மேல்முனை; தரை கீழ்முனை.

நடப்பது இதுதான். முதல் ஆப்-ஆம்ப் −2.2 கிலோ ஓம் போலவும் இரண்டாவது −3.3 கிலோ ஓம் போலவும் நடந்துகொள்கின்றன. இரண்டும் இணையாக இருப்பதால் நடுப்பகுதியின் சரிவு −0.758 மில்லி சீமென்ஸ். மின்னழுத்தம் சுமார் 1.1 வோல்ட்டைத் தாண்டும்போது இரண்டாவது ஆப்-ஆம்பின் வெளியீடு உச்சத்தில் முட்டி நின்றுவிடும். அதன்பின் அது வெறும் 22 கிலோ ஓம் மின்தடை மட்டுமே, சரிவு −0.409 ஆகக் குறைகிறது. ஆப்-ஆம்ப் உச்சத்தில் முட்டுவதை மற்ற பாடங்களில் எல்லாம் குறை என்றுதான் சொல்லித் தருகிறோம். இங்கே சுற்று ஓடுவதே அதனால்தான்.

சோதிக்க, ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து சில பத்து ஹெர்ட்ஸ் முக்கோண அலையை ±3 வோல்ட் அளவில் மேல்முனைக்குக் கொடுங்கள். டயோடின் தரைக்கும் ஜெனரேட்டரின் தரைக்கும் இடையே 100 ஓம் ஒன்று வையுங்கள். ஆசிலோஸ்கோப்பின் தரையை ஜெனரேட்டர் தரையோடு சேர்த்து, எக்ஸ் வாய்க்காலில் ஜெனரேட்டர் மின்னழுத்தத்தையும் ஒய் வாய்க்காலில் 100 ஓமின் குறுக்கே உள்ளதையும் பாருங்கள். பேட்டரி எங்கும் பூமியோடு இணையாமல் மிதப்பதால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. மெயின்ஸ் பவர் சப்ளையில் பொதுமுனையைப் பூமியோடு சேர்த்துவைத்திருந்தால் 100 ஓம் குறுக்கிணைப்பாகிவிடும். திரையில் மேலிடமிருந்து கீழ்வலமாகச் சரியும் கோடு தெரியும். நடுவில் செங்குத்து, இரு முறிவுகளுக்கு அப்பால் சற்றுச் சாய்வு. அந்த இரண்டு முறிவுகளும் கூர்மையாகத் தெரியாதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 4: மீதியைச் சேருங்கள்

டயோடுக்கு இணையாக 10 நானோ ஃபாரட். இதன் மின்னழுத்தத்தை வி1 என்போம். 100 நானோ ஃபாரட்டும் இண்டக்டரும் தமக்குள் இணையாக, தரையிலிருந்து. இதன் மின்னழுத்தம் வி2. வி1-க்கும் வி2-க்கும் நடுவே மாற்றக்கூடிய மின்தடை. முழுச் சுற்றும் இவ்வளவுதான்.

குமிழை 2.1 கிலோ ஓமில் வைத்துச் சுற்றை இயக்கி, மல்டிமீட்டரால் வி1-ஐ அளவிடுங்கள். கணக்குப்படி சுமார் 5.6 வோல்ட் வர வேண்டும், நேராகவோ எதிராகவோ. வி2 ஏறத்தாழச் சுழியம். பாகங்களின் சிறு பிழைகூட இந்த எண்ணைப் பல சதவீதம் நகர்த்தும். காரணம், விடையின் வகுக்கும் எண்ணில் 0.476-க்கும் 0.409-க்கும் உள்ள சின்ன வித்தியாசம் உட்கார்ந்திருக்கிறது. சுற்றை அணைத்து அணைத்து இயக்கினால் சில முறை நேர்ப்பக்கம், சில முறை எதிர்ப்பக்கம் போய் நிற்கும். மூன்று சமநிலைப் புள்ளிகளில் வெளியே உள்ள இரண்டையும் கையால் தொட்டுவிட்டீர்கள். நடுவில் உள்ள சுழியம் நிலையற்றது, அங்கே சுற்று நிற்காது.

படி 5: குமிழைத் திருப்புங்கள், மெதுவாக

ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வையுங்கள். எக்ஸில் வி1, ஒய்யில் வி2. மின்தடையை 2.1 கிலோவிலிருந்து படிப்படியாகக் குறையுங்கள்.

முதலில் அசையாத ஒரு புள்ளி. 2 கிலோ ஓம் அருகே அது பருத்து ஒரு சிறு நீள்வட்டமாகிறது. பாகங்கள் எல்லாம் குறையற்றவை என்று வைத்துக் கணக்கிட்டால் இந்தப் பிறப்பு 2.02 கிலோவில் நடக்க வேண்டும். இண்டக்டருக்கு உள்மின்தடை இருந்தால் இன்னும் கீழே தள்ளிப்போகும். ஹாப்ஃப் பிரிகை என்று பாடநூல் சொல்வது இதைத்தான். இன்னும் குறைத்தால் நீள்வட்டம் திடீரென்று இரட்டைக் கோடாகப் பிளக்கிறது: ஒரு பெரிய சுற்று, ஒரு சிறிய சுற்று, மீண்டும் பெரியது. அலைவு காலம் இரட்டிப்பாகிவிட்டது. சற்றே திருப்பினால் நான்கு கோடுகள். கை நடுங்காமல் இருந்தால் எட்டைப் பார்க்கலாம். அதற்கு மேல் கோடுகளை எண்ண முடியாது. ஒரு பக்கமாகச் சுருண்ட அடர்த்தியான பட்டை மட்டும்தான். ஒழுங்கின்மை வந்துவிட்டது, ஆனால் இன்னும் ஒரு சமநிலைப் புள்ளியைச் சுற்றியே.

1.8 கிலோ அருகே அந்தப் பட்டை விரிந்து எதிர்ப்பக்கப் பட்டையைத் தொடுகிறது. பாதை இந்தப் பக்கம் ஏழெட்டு முறை சுற்றி, அந்தப் பக்கம் தாவி, அங்கே இரண்டு முறை சுற்றித் திரும்புகிறது. எத்தனை முறை சுற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இதுதான் இரட்டைச் சுருள். மேலும் குறைத்தால் எல்லாம் மறைந்து ஒரு பெரிய வளையம் மட்டும் நிற்கும். அது வந்தபின் குமிழைப் பின்னோக்கித் திருப்பினாலும் சுருள் உடனே திரும்பாது, ஏனென்றால் அந்தப் பெரிய வளையம் சுருளோடு கூடவே எப்போதும் இருக்கும் இன்னொரு நிலை. பேட்டரியைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

பேட்டரி தீர்ந்துகொண்டே வந்தால் படம் கெட்டுவிடுமா? கெடாது. முறிவுப் புள்ளிகள் எல்லாமே ஆப்-ஆம்பின் உச்ச மின்னழுத்தத்தோடு ஒரே விகிதத்தில் சுருங்குவதால் படம் சிறிதாகும், வடிவம் அப்படியே இருக்கும். இரு பேட்டரிகளில் ஒன்று மட்டும் வேகமாகத் தீர்ந்தால்தான் சுருள் ஒருபக்கம் சாயும்.

படி 6: காதால் கேளுங்கள்

இந்தச் சுற்றின் அலைவு ஏறத்தாழ 3 கிலோ ஹெர்ட்ஸ். காதுக்கு நன்றாகக் கேட்கும் எல்லை. வி2-ஐ ஒரு ஆப்-ஆம்ப் தொடர்வி (voltage follower) வழியாக எடுத்து, ஒலிபெருக்கிக்குக் கொடுங்கள். நேராக இணைத்தால் ஒலிபெருக்கி சுற்றைப் பாரமாக அழுத்தும். முதலில் ஒரே சுருதியில் விசில் போன்ற ஒலி. காலம் இரட்டிக்கும் கணத்தில் அதனடியில் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுருதி முளைக்கிறது. கண்ணுக்குத் தட்டுப்படாத பிளவைக்கூடக் காது முதலில் பிடித்துவிடும். நான்கு மடங்கில் அடுத்த ஸ்தாயி. பிறகு கரகரப்பு, இரட்டைச் சுருளில் மழை இரைச்சல், ஆனால் அதற்குள் பழைய சுருதியின் சாயல் இன்னும் இருக்கும்.

1927-இல் நெதர்லாந்தில் வான் டெர் போலும் வான் டெர் மார்க்கும் நியான் விளக்குச் சுற்று ஒன்றைத் தொலைபேசிக் கேட்பியில் கேட்டபோது, அதிர்வெண் தாவும் இடங்களில் ஒழுங்கற்ற இரைச்சல் வருவதைக் குறித்துவைத்தார்கள். முக்கியமில்லாத துணை நிகழ்வு என்று ஒதுக்கிவிட்டார்கள். கியோட்டோவில் 1961-இல் ஆய்வு மாணவராக இருந்த யோஷிசுகே உவேதா, அனலாக் கணினியில் அதே மாதிரியான ஒழுங்கின்மையைக் கண்டார். பல ஆண்டுகள் கழித்தே உலகம் அதைப் பொருட்படுத்தியது. இந்தத் துறையில் மின்பொறியாளர்கள் பலமுறை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்கள்.

படி 7: எண்களாக்குங்கள்

தொடர்வியின் வெளியீட்டை மின்னழுத்தப் பகுப்பான் மூலம் ஒரு வோல்ட்டுக்குள் குறைத்து, கணினியின் ஒலி அட்டையில் 96 கிலோ ஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். ஒலி அட்டை நேர்மின் பகுதியைத் தடுத்துவிடும் என்பதால் சுருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பதிவில் தெரியாது. அது வேண்டுமானால் சேமிக்கும் வசதியுள்ள டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் தேவை. அப்போது வி1-ஐயும் தனித் தொடர்வி வைத்துப் பதியலாம்.

ஒரு பக்கச் சுருள் நிலையில் பதிந்த தரவிலிருந்து அடுத்தடுத்த உச்சங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வோர் உச்சத்தையும் அடுத்த உச்சத்துக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். அலையைப் பார்த்தால் தாறுமாறாக இருந்த அதே தரவு, இங்கே ஒற்றைத் திமிலுடன் மெல்லிய ஒரு வளைகோட்டில் போய் அமர்கிறது. வெறும் இரைச்சலாக இருந்தால் புள்ளிகள் மேகமாகச் சிதறியிருக்கும். ஒழுங்கின்மைக்கும் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

காலம் இரட்டிக்கும் மின்தடை மதிப்புகளைக் குறித்து, இடைவெளிகளின் விகிதம், காலம் இரட்டிப்புத் தொடர்களுக்குப் பொதுவான ஃபைகன்பாம் எண்ணான 4.669-ஐ நெருங்குகிறதா என்றும் பார்க்கலாம். குமிழால் நம்பிக்கையாகப் பிடிக்க முடிவது முதல் இரண்டு மூன்று பிளவுகள்தான்; அதிலிருந்து வருவது தோராயமான விகிதமே. ஆய்வகக் குறிப்பேட்டில் 4.67 என்று அச்சுப்போல எழுதிவரும் மாணவரிடம் மூலத் தரவைக் கேட்டுவிடுங்கள்.

படி 8: இப்போது சமன்பாடு

மின்னோட்டச் சமநிலைகளை எழுதி அலகுகளை நீக்கினால் மூன்று வரிகள் மிஞ்சும். எக்ஸின் மாறுவீதம் = ஆல்ஃபா × (ஒய் − எக்ஸ் − எஃப்), ஒய்யின் மாறுவீதம் = எக்ஸ் − ஒய் + இசட், இசட்டின் மாறுவீதம் = −பீட்டா × ஒய். எஃப் என்பது எக்ஸைச் சார்ந்த மூன்று துண்டுக் கோடு. ஆல்ஃபா இரண்டு மின்தேக்கிகளின் விகிதம். நம் பாகங்களுக்கு 10. பீட்டா மின்தடையின் வர்க்கத்தைப் பொறுத்தது, 1.8 கிலோவில் 18. முதலில் பாடநூல்களின் வழக்கமான மதிப்புகளான ஆல்ஃபா 9, பீட்டா 100/7, சரிவுகள் −8/7, −5/7 ஆகியவற்றை நான்காம் படி ரங்கே-குட்டா முறையில் 0.01 படியளவோடு ஓட்டுங்கள். இரட்டைச் சுருள் வந்துவிடும். பிறகு உங்கள் பாகங்களின் மதிப்புக்கு மாற்றுங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டும் வேறுபடும் இரண்டு தொடக்கங்களை ஒருசேர ஓட்டி, இடைவெளியின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறுமுகமான நேர்கோடு கிடைக்கும். அதன் சரிவுதான் லியபுனோவ் அடுக்கு, அதாவது அருகருகே தொடங்கிய பாதைகள் பிரியும் வேகத்தின் அளவு.

படி 9: திருச்சி வடிவம்

சுவா சுற்றை இன்னும் சுருக்க முடியுமா? திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். லட்சுமணனும் கே. முரளியும் சுவாவோடு சேர்ந்து 1994-இல் வெளியிட்ட விடை, இன்று உலகெங்கும் முரளி-லட்சுமணன்-சுவா சுற்று என்று வழங்குகிறது. ஒரு மின்தேக்கி, ஒரு மின்தூண்டி, ஒரு மின்தடை, அதே சுவா டயோடு, தொடராக ஒரு சைன் அலை மூலம். சேமிக்கும் பாகங்கள் இரண்டே என்றால் முதல் படியில் சொன்ன விதி என்ன ஆயிற்று? வெளியிலிருந்து ஊட்டும் அலையின் கட்டமே மூன்றாவது மாறியாகிவிடுகிறது, விதி மீறப்படவில்லை.

மதிப்புகள்: மின்தேக்கி 10 நானோ ஃபாரட், மின்தூண்டி 18 மில்லி ஹென்றி, மின்தடை 1340 ஓம், மின்னோட்டத்தைப் பார்க்க 20 ஓம், மூலத்தின் அதிர்வெண் 8890 ஹெர்ட்ஸ். டயோடு ஏற்கெனவே உங்கள் பிரெட்போர்டில் இருக்கிறது. இங்கே மின்தடையைத் தொடாமல் சைன் அலையின் வீச்சை மட்டும் சுழியத்திலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்; காலம் இரட்டிப்புத் தொடர் மறுபடி வரும். ஜெனரேட்டரின் சொந்த 50 ஓமையும் மின்தடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இண்டக்டரின் இரு முனைகளும் தரையில் இல்லாததால் ஆன்டோனியூ போலி இங்கே உதவாது. ஃபெரைட் உள்ளகத்தில் காயில் சுற்றி, எல்.சி.ஆர். மீட்டரில் 18 வரும்வரை சுற்றுகளைக் கூட்டிக் குறைத்து, அதன் உள்மின்தடையை அளந்து 1340-இல் கழித்துவிட்டு, அதன்பின் இணைப்பைத் தொடங்குங்கள்.